உன் மாமா செல்லாமல் ஆக்கிய ஓட்டு

அன்புள்ள சிவராமனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் லியோனில் அந்த வெயிலிலும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

ஜனாதிபதி தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று போனில் கேட்டாயே. நாங்கள் எங்கே போட்டோம், நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்தான் நமக்காகப் போடுகிறார்கள். புதுச்சேரி எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்குப் பதினாறு மதிப்பாம், நம் ஊருக்குப் பக்கத்து நாகப்பட்டினத்துக்காரருக்கு நூற்றெழுபத்தாறாம், எழுபத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகையை வைத்துப் போட்டது என்று அப்பா சொன்னார். அந்தப் பதினாறை நம் தொகுதி எம்.எல்.ஏ.வான என் தம்பி, உன் மாமா திருஞானசம்பந்தம், என்ன செய்தான் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது. புதுச்சேரிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். மந்திரி பதவி கிடைக்காத கடுப்பு இன்னும் போகவில்லை. யாருக்குப் போட்டீங்க மாமா என்று உன் தங்கை தேவிகா கேட்டாள். "சீட்டுல நிக்கிற ரெண்டு பேருக்கு நேராவும் ஒண்ணுன்னு எழுதிட்டேம்மா, செல்லாத ஓட்டு. ரகசிய ஓட்டுதானே, எவன் போட்டான்னு கட்சிக்காரனுக்கு எப்படித் தெரியும்" என்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். இரண்டு பேரையும் பிடிக்கவில்லை என்று மனசறிந்து செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், இது வெறும் வீம்பு. "அது ஒன் ஓட்டாடா, எங்க எல்லாரோட ஓட்டுடா" என்றேன். "ஒனக்கு இதெல்லாம் புரியாதுக்கா, மோரை ஊத்து" என்றான். மோர்ச் செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன், தேவிகா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். நீயே போய்ச் சமாதானம் சொல்லேன் என்கிறார் அப்பா. நான் போகவில்லை.

அவன் நின்ற போன தேர்தலில் மண்டபத்தூரில் வீடு வீடாகப் படியேறி அவனுக்காகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டவள் நான். அந்த ஊரிலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் தாமரைச்செல்வி மறுநாள் வந்து, "ஒங்க தம்பி ஜனாதிபதிக்கே ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காராமே" என்று பெருமையாகச் சொன்னாள். மறைக்க மனசு வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். மீனை அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "எங்க ஓட்டும் அதுல இருந்துச்சாக்கா" என்றாள். இருந்தது என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் இன்றுவரை நம் தெருப்பக்கம் வரவில்லை.

மாமா உனக்குப் போன் செய்வான், என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடாதே. கல்யாணத்துக்கு வந்தால் தம்பி என்று இலை போடுவேன், ஓட்டுக் கேட்க மட்டும் இனி அவனோடு ஒரு படியும் ஏறமாட்டேன். ஆவணிக் கல்யாணத்துக்கு லீவு சொல்லிவிட்டாயா, மறந்துவிடாதே. குறைவில்லாமல் நீண்ட நாள் நல்லா இருப்பா.

ஆசிகளுடன்,
அம்மா சௌந்தரவல்லி