வசந்தா நினைவாக ஆறு தடுப்புகள்

9 செப்., செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. கும்பகோணத்துப் பித்தளைச் சரக்கு இன்னும் வரவில்லை, போன் போட வேண்டும். சர்க்கரை மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும்.

கா. 9 மணி இருக்கும். கடை வாசலில் விபத்து. கீரை விற்கிற அஞ்சலை ரோட்டைத் தாண்ட இறங்கியிருக்கிறாள், ஷேர் ஆட்டோ அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ரோடெல்லாம் அரைக்கீரை. பண்ருட்டி பஸ் அதன் மேலேயே ஏறிப் போனது.

ஓட்டியவர் சேகர், நெல்லிக்குப்பத்துக்காரர். கூட்டம் சட்டையைப் பிடித்தது. ஒருவன் அறைந்தும்விட்டான். அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "சத்தியமா ஆள் தெரியலீங்க. அந்தம்மா படம்தான் தெரிஞ்சுது."

வேகமாகத்தான் வந்திருப்பான் என்று போலீசிடம் நானும் சொன்னேன். நான் பார்க்கவே இல்லை. குனிந்து பில் எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்காததை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சொன்ன அந்தம்மா, என் வசந்தா.

10 செப்., புதன்

நேற்று போலவே புழுக்கம். மின்சாரம் இரண்டு முறை போயிற்று. சேகர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

எனக்காகவே எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு, எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் எனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் வசந்தா லாரியில் அடிபட்டுப் போனாள். காரியம் முடிந்ததும் அந்த இடத்துக்கு ஆறு இரும்புத் தடுப்பு செய்து கொடுத்தேன். பேரிகார்டு. வண்டிகள் வேகம் குறைக்கட்டும், வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது என்று. ஒவ்வொன்றிலும் தகரப் பலகை. அவள் படம், "நினைவாக உபயம்", அடியில் கடைப் பெயர். சின்னதாகப் போடலாம் என்றார் பெயிண்டர். பெரிதாகவே இருக்கட்டும் என்றது நான்தான். கடைப் பெயர் அவள் பெயரைவிடப் பெரிது. அப்போது அது கண்ணில் படவே இல்லை.

கடை திறக்குமுன் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவைக் கேட்டு வாங்கி, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். கடையில் வேலை செய்கிற கலாவைத் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன்.

கலா இல்லை. வசந்தா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

"நிக்கிறியாம்மா" என்றேன். "இங்கதான் நிக்கிறேன் சார்" என்று குரல் மட்டும் வந்தது. அவள் ஐந்தடி. வசந்தாவும் அதே உயரம்.

டீ குடிக்கவில்லை.

11 செப்., வியாழன்

மா. 5க்கு மழை, பத்தே நிமிஷம். வாசல் பள்ளத்தில் தண்ணீர்.

முருகவேல் வந்தான். வசந்தாவின் தம்பி, இந்த ரோட்டு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவனே. விஷயத்தைச் சொல்லி, பலகைகளைக் கழற்றிவிடலாம் என்றேன்.

"வாயத் தொறக்காதீங்க மாமா. கேஸ் நம்ம பக்கம் திரும்பிடும். ஆட்டோக்காரனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவன் பாத்துக்குவான்."

அக்கா முகத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு எப்படி மனசு வந்தது என்றும் கேட்டான்.

அவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு டியூப் லைட். அதில் வசந்தாவின் தாத்தா பெயர், உபயம் என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. "எங்க தாத்தா பேருக்குத்தான் வெளிச்சம், சாமிக்கு இருட்டு" என்று அவளே சிரிப்பாள். அவளை வைத்து நானும் அதையே செய்திருக்கிறேன்.

சிதம்பரத்தில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன். அழுதாள். கழட்டிடுங்கப்பா என்றாள்.

12 செப்., வெள்ளி

வெயில். சாத்துக்குடி, பிரெட், பிளாஸ்க். ஆஸ்பத்திரி.

அஞ்சலையின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மருமகள். உட்காராமலே சொல்லிவிட்டேன், பலகைதான் மறைத்தது, தப்பு என்னுடையது என்று. திட்டினால் நல்லது என்று தோன்றியது. திட்டவில்லை.

"ஆட்டோக்காரரு பாவம். அவரும் பாக்கல, நானும் பாக்கல." பிறகு, "தெனம் அந்தம்மாவத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் மொதலாளி ரோட்டுல எறங்குவேன். அன்னிக்கும் தொட்டேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பிளாஸ்க்கைத் திரும்ப எடுத்து வந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கலாவிடம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

13 செப்., சனி

செய்ய வேண்டியவை:
ஸ்டேஷன்
ஸ்பேனர், மண்ணெண்ணெய்
சிவப்பு வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர்
மாத்திரை

கா. 10, ஸ்டேஷன். செவ்வாய் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் பார்க்கவில்லை, பலகை மறைத்தது, பலகை என்னுடையது. எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கே சிக்கல் வரலாம், தெரியுமா என்று எஸ்.ஐ. இரண்டு தடவை கேட்டார். தெரியும் என்றேன். சேகர் வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது.

மதியம் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒன்றுக்கு நாலு போல்ட். எல்லாம் துரு. மூன்றாவது பலகையில் முருகவேல் வந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கடைசி போல்ட் விட்டதும் பலகை என் கையிலிருந்து சரிந்தது. அவன் ஓடி வந்து அடியில் பிடித்துக்கொண்டான்.

"கீழ வெக்காதீங்க மாமா."

மிச்ச மூன்றையும் இரண்டு பேருமாகக் கழற்றினோம். அவனே தன் வேனில் படுக்க வைத்து, மேலே துண்டு போட்டு எடுத்துப் போனான். வெறும் கம்பிகளில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினேன். பெயர் எதுவும் இல்லை.

மா. 6, மாத்திரை. இரண்டு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு கடையில்தான் வாங்குகிறேன். இன்று எதிர்க்கடைக்கே போனேன். தடுப்புக்குப் பின்னால் நின்றேன். தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் வருமுன்பே வேகம் குறைத்து நின்றது. ஓட்டுகிறவன் கையைக் காட்டி, போங்க என்றான்.

ஆள் தெரிகிறது.