பேசின் பிள்ளையாரிடம் நான் கேட்டது

பழைய ஃப்ரிட்ஜை எடுத்துப்போக இன்று ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்குமுன் ஃப்ரீசரைக் காலி செய்தபோது, பட்டாணிப் பொட்டலங்களுக்கு அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா அகப்பட்டது. மூடியில் ஒட்டிய தாளில் உன் கையெழுத்து: சரக்கு. திறந்தேன். மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் கலந்த அந்த வாசனை கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சுக்கு என்று நான் சொல்வேன், வேர்க்கொம்பு என்று நீ திருத்துவாய். "தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று என் கணவர் செந்தில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. நீ போன செய்தி வந்ததிலிருந்து எனக்கு அது வருவதேயில்லை.

மல்கிரேவில் எங்கள் வீட்டின் இதே சமையலறைக்குத்தான் நீ அதை முதன்முதலாகக் கொண்டுவந்தாய். உன் ஊரான யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுக்கிற சரக்குக் கறிக்கான தூள் அது. அப்போது என் கையில் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து படுத்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "குழந்தை பொறந்தவளுக்குத்தானுங்களே இதெல்லாம்? இவளுக்கு எதுக்குங்க?" என்றார்.

நீ அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாய். "அன்ரி, பிள்ளை தங்கினாலும் தங்காட்டிலும் உடம்பு பட்டது பட்டதுதானே. அதுக்குச் சாப்பாடு வேணும்." அப்புறம் உள்ளி என்று நீ சொல்லும் பூண்டை உரித்துக் கொட்டினாய். வீடே மணத்தது. அடுத்த தடவை நீ வந்தபோது மாமியாரே கிண்ணத்தை நீட்டி, முட்டிவலிக்கும் இது கேட்குமா என்று விசாரித்ததை நீ போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

அந்த ஆஸ்பத்திரிக்கு என்னைக் காரில் கூட்டிப்போனதும் நீதான். செந்தில் வேலையாகச் சிட்னி போயிருந்தார். நான்காம் மாதம் முடிந்த கையோடு பனிக்குடம் உடைந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது, இதயம் துடிக்கிறது, ஆனால் இந்தப் பிள்ளை பிழைக்காது, காத்திருந்தால் எனக்குக் கிருமி தொற்றலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காத்திருக்கலாம், இப்போதே முடித்துவிடவும் செய்யலாம், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதேயும்," என்றாய். "உம்மைத்தான் கேக்கிறா."

முடித்துவிடுங்கள் என்றேன். மறுநாள் காலையில் எல்லாம் ஆயிற்று. ஒரு காய்ச்சல்கூட எனக்கு வரவில்லை. ஊருக்குப் பேசும்போது 'கலைஞ்சிடுச்சு' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். உன்னிடம் மட்டும்தான் நான் அதைக் கருக்கலைப்பு என்று சொன்னேன், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். நீ எரிச்சல்பட்டாய். "வைத்தியம் எண்டு சொல்லும். வேற என்ன அது?" என்றாய். அடுத்த வருஷக் கடைசியில் என் மகள் பிறந்தாள். அவளுக்கு முதல் கொலுசு வாங்கிவந்தது நீ.

பிறகு உன் கணவர் ரமணனுக்கு அமெரிக்காவில் வேலை மாறியது. தெற்கே ஒரு மாநிலம், பெரிய வீடு, குளிர் இல்லாத ஊர். உங்களை வழியனுப்ப எல்லோரும் கூடிச் சாப்பிட்டபோது நாங்கள் என்னவெல்லாமோ விசாரித்தோம். இந்தியக் கடை பக்கத்தில் இருக்கிறதா, கோயில் எவ்வளவு தூரம், வலப்பக்கம் கார் ஓட்டப் பழகிவிடுவாயா என்றெல்லாம் கேட்டோம். அங்கே கர்ப்பிணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் டாக்டருக்கு வைத்தியம் செய்ய அனுமதி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு யார் வீடு மாறுகிறார்கள்? கிளம்பும்போது இந்த டப்பாவை என் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, "இருக்கட்டும், நான் வரேக்க எனக்குத் தேவைப்படும்," என்றாய். இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்படும் எண்ணம் எனக்கில்லை. உனக்கோ முதல் பிள்ளையே இன்னும் வரவில்லை.

அங்கே போன பிறகு ஒருவழியாக உனக்குப் பிள்ளை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் நீ போன் செய்தாய். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உமக்கு நடந்ததுதான் எனக்கும். பனிக்குடம் உடைஞ்சிட்டுது," என்றாய்.

"எப்ப எடுக்கறாங்க?" என்றேன். நடக்கவேண்டிய அடுத்த காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

"துடிப்பு இருக்காம். இருக்கிற வரைக்கும் ஒண்டும் செய்ய ஏலாதாம். வீட்ட போய் இருக்கட்டாம், காய்ச்சல் வந்தா வரட்டாம்."

காய்ச்சல் வருவதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன், நீ பொறுமையாகத் திரும்பச் சொன்னாய். வேறு மாநிலத்துக்குக் கிளம்பிப் போய்விடு என்று கத்தினேன். ரமணன் போன் போட்டு இடம் தேடிக்கொண்டிருக்கிறார், எங்கேயும் உடனே எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றாய். உன் டாக்டரைத் திட்டினேன். "அவவைப் பேசாதேயும். நல்ல மனுசி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. துடிப்பு இருக்கேக்க செய்தா, இஞ்சத்தைய சட்டப்படி ஜெயிலுக்குப் போகவேண்டி வருமாம்," என்றாய். உனக்கு வைத்தியம் தேவைப்பட்ட நேரத்தில் நீ உன் டாக்டருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. எனக்கு மிச்சம் இருக்கிற உணர்ச்சி அது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, துடிப்பு நல்லா இருக்காம்! பேசின் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடும், அம்மா." அவருக்கு நீ பாதியைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று புரிந்தது. நம் பழைய வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சுதான். துடிப்பு இருக்கிறது, நம்பிக்கையாக இருங்கள் என்று ஆளாளுக்குக் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றில் துடிப்பு என்றால் அது நல்ல செய்தி என்றுதானே நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கார் ஓட்டிப் போனேன். மலையடிவாரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கைக்குழந்தையைச் சன்னிதியில் கிடத்தி எடுத்துக்கொண்டிருந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன், உத்திரட்டாதி என்றேன். "பிள்ளைத்தாச்சியோ? சுகப்பிரசவத்துக்குச் செய்வமோ?" என்றார். "இல்லீங்க, அவளுக்கு மட்டும்," என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

மணி அடித்தது. எல்லோரும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, நான் அதற்கு நேர்மாறானதைக் கேட்டேன். அந்தத் துடிப்பு நின்றுவிடட்டும், இன்றைக்கே நிற்கட்டும், காய்ச்சல் வருவதற்குள் நிற்கட்டும் என்று கேட்டேன். நீ வருஷக்கணக்காக ஏங்கிச் சுமந்த பிள்ளை அது. பக்கத்தில் அந்தக் கைக்குழந்தை கொட்டாவி விட்டது. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

காய்ச்சல்தான் முதலில் வந்தது. உன்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பிறகும் அவர்கள் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ரமணன் பிறகு சொன்னார். துடிப்பு நின்றபின் வேகவேகமாக எல்லாம் செய்தார்களாம். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. உன் பிள்ளை போய்க் கொஞ்ச நேரத்தில் நீயும் போனாய். எனக்கு வந்த அதே கேடுதான் உனக்கும் வந்தது. இதைவிட விரிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா இப்போதும் கூப்பிடுகிறார். "அர்ச்சனை செய்தனீர்தானே, பிள்ளை?" என்று சில நாள் கேட்பார். ஓம் என்பேன், உன் பேச்சிலேயே. "பிள்ளையார் எங்கட குரலைக் கேக்கேல்லை," என்பார். கேட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டதைத்தான் கொடுத்தார், பிந்திக் கொடுத்தார்.

டப்பாவைப் புது ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "வாட்ஸ் தட் ஸ்மெல், அம்மா?" என்றாள். உன்னைப் பற்றி அவளுக்கு ஒருநாள் சொல்ல வேண்டும். நாற்காலியை இழுத்துப்போட்டு ஒருவர் என்னிடம் கேட்டார் என்பதையும், உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சன்னிதியில் நான் கேட்டதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. உன்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லலாம். உன் பிள்ளையின் இதயம் நிற்க வேண்டும் என்று கும்பிட்டவள் நான். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் அதையேதான் கேட்பேன், சனிக்கிழமை வரை காத்திருக்க மாட்டேன்.