முதுகு மூடும் மாதம்

மார்ச் 6

காலையில் வண்டி ஓட்டப் பழக வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கிளட்சை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதிக்கிறார். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் இன்று ஒரு பால் வண்டி பிழைத்தது. இறங்கும்போது அறிவுரை வேறு: "இந்த நிலைமைல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஊரில் எல்லோரும் எனக்கு மாமியார்தான்.

மாலை ஐந்தாம் மாத ஸ்கேன். ஸ்கேன் டாக்டர் வாய் ஓயாத பெண். கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தியவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். அப்போதே தெரிந்துவிட்டது.

"முதுகெலும்பு கீழ ஒரு இடத்துல மூடலை. தண்டுவடப் பிளவுன்னு சொல்லுவோம். ஆயிரம் குழந்தைல ஒண்ணு ரெண்டுக்கு வரும். சில ஊர்ல இன்னும் அதிகம்."

நியூட்ரல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயிரத்துல ஒண்ணுதானே டாக்டர்?" என்றார். (என் கணவருக்கு நான் வைத்த பெயர். எந்தப் பக்கமும் போகாத கியர்.) என்ன கணக்கு! எங்களுக்கு இருப்பதே ஒன்று. அந்த ஒன்றுக்கு வந்திருக்கிறது.

மார்ச் 7

காரணங்கள் வரத் தொடங்கிவிட்டன.

அத்தை, அதாவது என் நிஜ மாமியார், சொல்வது குலுக்கல். "நாள் முழுக்க காருக்குள்ள குலுங்கிட்டிருந்தா முதுகு பிளக்காம என்ன பண்ணும்?" எதிர் வீட்டு அம்மா மைக்ரோவேவ் என்கிறாள். நியூட்ரலின் சித்தப்பா செல்போன்தான் காரணம் என்றார் — அதையும் செல்போனில் கூப்பிட்டு, அரை மணி நேரம்.

நாத்தனார் காரணம் எதுவும் சொல்லவில்லை. "என் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கிற நேரத்துலதான் இது நடக்கணுமா அண்ணி?" என்றாள். மன்னிக்கவும் மகாராணி, குழந்தையிடம் தேதி கேட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 9

இன்று பிரசவ டாக்டரிடம். குலுக்கலைப் பற்றிக் கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். இரண்டு நாள் காதில் ஓதினால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"குலுக்கலா? மூளை, தண்டுவடம் எல்லாம் ஒரு சின்னக் குழாய்லேர்ந்துதான் உருவாகுது. கரு உண்டாகி நாலு வாரத்துக்குள்ள அது மூடிடணும். மேல மூடலைன்னா மண்டை ஓடும் மூளையும் சரியா வராது. கீழ மூடலைன்னா இது. அந்தச் சமயத்துல நீங்க கர்ப்பம்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பிறகு அவர் விசாரணை. வலிப்புக்கு மாத்திரை எடுத்தீர்களா? கட்டுப்படாத சர்க்கரை? ஆரம்பத்தில் கடுமையான காய்ச்சல்? அளவுக்கு மீறிய எடை? குடும்பத்தில் யாருக்காவது? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை.

"ஃபோலிக் அமில மாத்திரை?"

"நீங்க குடுத்த நாள்லேர்ந்து ஒழுங்கா போடறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

"கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்."

சிரித்துவிட்டேன். முதல் தடவை அவரைப் பார்க்க வந்தபோதே இரண்டு மாதம் தாண்டியிருந்தது. குழாய் மூட வேண்டிய காலம் முடிந்து, எல்லாம் ஆன பிறகு மாத்திரை! கல்யாணமான நாளிலிருந்து எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், மாப்பிள்ளை கோபப்பட்டால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லாத வாய் இல்லை. ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிச் சொல்ல மட்டும் அத்தனை வாய்களில் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். நிறையத் தடுக்கும், எல்லாத்தையும் தடுக்காது. பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல. உங்க மேல தப்பு இல்ல." என் மேல் தப்பு என்று நான் சொல்லவே இல்லையே. பிறகு ஏன் அழுதேன்?

பிளவு கீழே இருப்பதால் கால்களுக்குத் தாங்கு பட்டை போட்டு நடக்க வாய்ப்பு உண்டாம். சிறுநீர்ச் சிக்கல் இருக்கும். தலையில் நீர் சேரலாம். தொடரலாம்; வேண்டாம் என்றாலும் இன்னும் நேரம் இருக்கிறது. முடிவு எங்களுடையது.

மார்ச் 12

அத்தைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "இதை விட்டுரு. வேற ஒண்ணு பெத்துக்கலாம்." அளவு சரியில்லாத செருப்பைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்கிற தொனி.

நியூட்ரலிடம் கேட்டேன்.

"நீ என்ன சொல்றியோ அதுதாம்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அதான், நீ சொல்றது."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்களிடமெல்லாம் இது தெளிவாத் தெரியுதா, அது தெளிவாத் தெரியுதா என்று கேட்பதுதான் பிழைப்பு. தன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

மார்ச் 15

பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்பவளை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். டாக்டருக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளாக உள்ளே உதைக்கிறது.

ஏப்ரல் 20

இன்று யாரும் அறிவுரை சொல்லவில்லை. வீட்டில் யாரும் இல்லை.

ஜூலை 15

பெண். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். முதுகின் அடியில் ஈரமான சிவப்புக் கொப்புளம், மேலே மெல்லிய தோல்கூட இல்லை. என்னிடம் ஒரு நிமிடம் காட்டி, அப்படியே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். தலை நிறைய முடி. அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை, கட்டடமே திரும்பிப் பார்த்திருக்கும்.

நல்லது. கத்து. எனக்கும் சேர்த்துக் கத்து.

ஆகஸ்ட் 3

தலையில் நீர் சேர்ந்துவிட்டது. உள்ளே ஒரு குழாய் வைத்து வயிற்றுக்கு வடிய விட்டிருக்கிறார்கள். பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "பொண்ணாப் போச்சே, பாவம்" என்றாள். குழாய், தையல், மருந்து எதுவும் அவள் கண்ணில் படவில்லை. பெண் என்பதுதான் நோயாம். வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கதவை நான் கொஞ்சம் பலமாகச் சாத்தியிருக்கலாம்.

அக்டோபர் 28

நியூட்ரல் குழந்தைக்குச் சிறுநீர்க் குழாய் போடக் கற்றுக்கொண்டார். செவிலி சொல்லிக் கொடுத்ததை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறார். கண்ணாடி துடைக்கிற கை. ஒரு வார்த்தை பாராட்டலாம் என்று போனேன். "நீ சொன்னா நாளைக்கும் நானே போடறேன்" என்றார். நான் சொன்னால்தானா! பாராட்டை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 11

புது வருடம் பிறந்து ஒரு மாதமாகிவிட்டது, இன்றுதான் புது டைரியைத் திறக்கிறேன். வேலைக்குத் திரும்பிவிட்டேன். அத்தை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் — முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் கீழே விடுவதில்லை. ரவுடி என்று பெயர் வைத்ததும் அவள்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் ரவுடியின் காலில் போர்வை ஏறிவிடும்.

செப்டம்பர் 12

நாத்தனாருக்குத் தன்னோடு வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது. நாளை அவனுடைய அம்மா பேச வருகிறாள். அத்தை என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த அளவு பணிவை நான் பார்த்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதே. நாளைக்குக் கொஞ்ச நேரம் ரவுடியோட உள்ளேயே இரு. இவங்க குடும்பத்துல இப்படி வருமோன்னு நினைச்சுட்டா?"

"சரிங்க அத்தை. அலமாரிக்குள்ள இருக்கவா, கட்டிலுக்கு அடியிலயா?"

எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 13

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மாப்பிள்ளையும் அம்மாவும் வந்தார்கள். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், குரல் எழும்பாத பெண். நான் உள்ளே ரவுடியோடு, கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. நியூட்ரல் கதவைத் திறந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காலில் பட்டைகளோடு, நேரே கூடத்துக்குப் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "இது எங்க பொண்ணு" என்றார். நானும் பின்னாலேயே கூடத்துக்கு வந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வண்டி தானாக நகர்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

அந்த அம்மா பட்டைகளையே பார்த்தாள். "கால்ல என்ன?"

"கீழ விழுந்துட்டா" என்றாள் அத்தை.

"விழல. பிறக்கும்போதே முதுகெலும்பு மூடலை" என்றேன் நான்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது…"

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. "யாருக்கும் இல்லீங்க. பெரும்பாலும் யாருக்குமே இல்லாத வீட்டுலதான் இப்படிப் பிறக்குது. பயமா இருந்தா இப்பவே எழுந்து போகலாம். டீயைக் குடிச்சுட்டுப் போங்க, ஆறிடும்."

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு, கை கழுவ வேண்டும் என்றாள். சமையலறைக்குக் கூட்டிப் போனேன், மனதுக்குள் அடுத்த நாலு வாக்கியங்களைத் தீட்டிக்கொண்டே. அவள் குழாயைத் திறக்கவில்லை.

"எனக்கு மூத்தது ஒண்ணு பிறந்துச்சும்மா. இவனுக்கு முன்னாடி. மண்டைல மேல் ஓடு இல்லைன்னாங்க. துணில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பார்க்க வேணாம்னுட்டாங்க." குரல் இன்னும் தாழ்ந்தது. "இவனுக்குக்கூடத் தெரியாது. நான் மாடிப்படி வேகமா ஏறினதாலதான்னு எங்க மாமியார் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

தீட்டி வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

"அம்மா, ரெண்டும் ஒரே கோளாறுதான். மேல மூடலைன்னா உங்களுக்கு நடந்தது. கீழ மூடலைன்னா இது."

"அப்ப படி?"

"படிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழவில்லை. "இல்லையா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்றார் டாக்டர். யார் எண்ணினார்கள்? துணியில் சுற்றி எடுத்துப் போனதை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? படி, குலுக்கல், மைக்ரோவேவ் — எல்லா வீட்டிலும் ஒரு பொய்க் காரணம் இருக்கிறது. நிஜக் காரணத்துக்கு மட்டும் இடமில்லை.

செப்டம்பர் 19

அந்த அம்மா மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவன் மறுநாள் அம்மாவின் மடியில் படுத்து அழுதானாம். கல்யாணம் உறுதி.

நாத்தனார் என் அறைக்கு வந்தாள். "அண்ணி, எனக்கும் வருமா?"

நக்கலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "ரெண்டு பக்கத்துலயும் இருக்கறதால மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிக வாய்ப்பு இருக்கும். டாக்டர்கிட்ட இப்பவே போ. நானும் வரேன்" என்றேன்.

டாக்டர் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும், தானாக அளவை மாற்றக் கூடாது என்றார். எனக்கு அடுத்தது என்றாலும் அப்படித்தானாம். ஒரு முறை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. "யோசிக்கறீங்களா?" என்று கேட்டார். முதலில் இந்த ரவுடி நடக்கட்டும்.

மார்ச் 30

ரவுடி பட்டைகளோடு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடம் முழுக்க நடந்தாள். அத்தை கைதட்டிய சத்தத்தில் பயந்து உட்கார்ந்துவிட்டாள். கிழவியை முறைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நவம்பர் 8

நாத்தனாருக்கு மூன்றாம் மாத ஸ்கேன். அவள் கணவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. துணைக்கு நானும் அவளுடைய மாமியாரும். அந்த அம்மா அறைக்குள் சுவரோரமாகவே நின்றாள். இதயத் துடிப்பு கேட்டது, கைகால் ஆடியது. டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். முதுகை ஐந்தாம் மாதம் மறுபடி நிதானமாகப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

"தலையைக் காட்டுங்க" என்றாள் அந்த அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். திரையை அவள் பக்கம் முழுவதும் திருப்பி, விரலால் ஓரமாக வட்டம் போட்டுக் காட்டினார். "இதோ. மேல் ஓடு. முழுசா இருக்கு."

அவள் கிட்டே போனாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். டாக்டர் யாரையும் கூப்பிடவில்லை.

"இவ்வளவு வட்டமாவா இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.