தண்ணீர் வரும்வரை நின்ற ரயில்

அன்பின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்களுடைய முழங்கால் நோ எப்படி? உம்மா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாவா?

கால்வாயில் கப்பல்கள் வரிசையில் காத்திருக்காமலிருக்க, சாமான்களை இந்தக் கடலின் துறைமுகத்தில் இறக்கி, பாலைவனம் தாண்டி மற்றக் கடலுக்கு ரயிலில் அனுப்புகிறோம் என்று சொன்னேனே. போன கிழமை எங்களோடு வேலை செய்யும் நேபாளக்காரர் வெயிலில் மயங்கி விழுந்தார். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி காலையிலிருந்து வரவில்லை. ரயில் பிந்தக்கூடாது, வேலையைப் பாருங்கள் என்றார் சுப்பவைசர்.

நான் எஞ்சினுக்கு முன்னால் போய் நின்றேன். மற்றவர்களும் வந்தார்கள். "எங்கட திருகோணமலையில கப்பலே துறைமுகத்துக்கு வெளியில நாள்கணக்கா நிக்கும். தண்ணி வருமட்டும் உங்கட ரயிலும் நிக்கட்டும்" என்றேன். தண்ணீர் வந்த பிறகுதான் ரயில் போனது. என்னை ஊருக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நீங்கள் பயப்படாதீர்கள்.

உடுக்க நீங்கள் தந்த சாரத்தை நனைத்து, மயங்கி விழுந்த அந்த மனிசனின் தலையில் சுற்றினேன். அதோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனவர், இப்போது சுகம். என் அறையில் இருக்கும் நஸ்ரி லீவில் அங்கே கிண்ணியாவுக்கு வந்ததிலிருந்து எனக்குக் கதைக்க ஆள் இல்லை. அவன் திரும்பும்போது ஒரு சாரமும் உம்மாவின் மாசிச் சம்பலும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. இன்றைக்கும் தண்ணீர் இல்லாமல் வேலை வாங்கப் பார்த்தால், இன்றைக்கும் நிற்பேன். சாரம் இரண்டாகவே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்,
இன்பாஸ்