எண்பது மணித்தியாலமும் என்ர ஃபைலும்

இன்டர்லாக்கன், சுவிஸ், 30 யூன் 1986

ஹோட்டல் குசினி டிவியில் காட்டினார்கள். நியூயோர்க்கில் வெளிக்கிட்ட விசைப்படகு ஒன்று அட்லாண்டிக்கை எண்பது மணித்தியாலத்தில் கடந்துவிட்டதாம். முப்பத்துநாலு வருசத்துக்கு முந்திய பயணிகள் கப்பலின் சாதனை போச்சு. என்னோடு கோப்பை கழுவுகிற தம்பித்துரையண்ணை சிரித்தார். "உன்ர அகதி ஃபைல் பேர்னில ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்குப் போக ரெண்டு வருசம். அதுவும் சாதனைதான்ரா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணிக்கு மற்றப் பக்கம், ரொறன்ரோவில், புனிதவதி இருக்கிறாள். கலியாணம் முடித்த நாலாம் மாதம் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். சூரிச் விமான நிலையத்தில் அவளைப் போக விட்டார்கள், என்னைப் பிடித்து வைத்தார்கள்.

11 யூலை

பன்னிரண்டாம் அறை அமெரிக்கர் கொன்கோர்ட் விமானத்தில் வந்தவராம். நியூயோர்க்கில் இருந்து லண்டனுக்கு மூன்றரை மணித்தியாலம். திரும்பிப் போகும்போது, நியூயோர்க் மணிக்கூட்டின்படி, வெளிக்கிட்ட நேரத்துக்கு முந்தியே போய் இறங்கலாமாம். நான் இதே நாட்டில் ஆராவ் நகரில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகவே அனுமதிக் கடிதம் கேட்டு எழுத வேண்டும். சீ, என்ன சீவியம் இது!

20 யூலை

கூடப் படித்த வரதராசா ஜெர்மனியில் இருந்து ரெலிபோன் எடுத்தான். "கனடாவுக்குக் கள்ளமா ஒரு கப்பல் போகுது. இடம் இருக்கு. வாறியோ?"

29 இல் எனக்கு விசாரணை. இரண்டு வருசம் பார்த்திருந்த திகதி. வரவில்லை என்றேன். சரிதானே? ஒழுங்காகப் போகிறவனுக்கும் ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்?

29 யூலை

விசாரணை நாற்பது நிமிசம். முடிவு எப்போது? தெரியாதாம்.

13 ஆகஸ்ட்

கனடாக் கடலில், பனிப்புகாருக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பத்தைந்து பேர். எங்கட சனம்! மீன்பிடிகாரர் கண்டு காப்பாற்றினார்களாம். வரதராசாவும் அதற்குள் இருப்பான்.

17 ஆகஸ்ட்

புனிதம் ரெலிபோன் எடுத்தாள். "அவையளை இஞ்ச இருக்க விட்டிட்டினம்" என்றாள். பிறகு, "டிவியில ஒவ்வொரு முகமாப் பாத்தனான். எனக்குச் சொல்லாமல் வந்திருப்பியள் எண்டு நினைச்சன்."

அழுதாள். ஐயோ, நான் என்ன விசரன்! வா எண்டு கூப்பிட்டவனுக்கு மாட்டன் எண்டனே—

2 ஒக்ரோபர்

கடிதம் வந்தது. நிராகரிப்பு. அப்பீல் செய்யலாமாம். அதற்கு இன்னும் இரண்டு வருசம் செல்லும் என்கிறார் அண்ணை.

9 ஒக்ரோபர்

நாளை ஜெர்மனிக்குப் போகிறேன். அங்கே இன்னொரு கப்பல் நிற்கிறதாம். என்ர பெயர் எழுதிய காகிதம் ஒன்றும் கையில் இருக்கக்கூடாது. இந்தக் கொப்பியை அண்ணையிடம் கொடுக்கிறேன். "குளிர்காலக் கடலடா, யோசி" என்றார். யோசித்தாயிற்று.

புனிதத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் டிவிக்கு முன்னால் போய் இருப்பாள்.