தொப்பூர் இறக்கத்துக்கு அப்பால்

இன்று காலை சேலத்துக்குப் பேருந்தில் போனேன். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரியிலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது பழகிய வாசனை. மாரண்டஹள்ளியில் லாரியில் தக்காளிக் கூடை ஏற்றி சேலத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் நாட்களில் உங்கள் சட்டையில் அதுதான் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

எழுபதுகளின் தொடக்கம். நம் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஒரு நாள் நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் தொப்பூர் சாப்பாட்டுக் கடைக்காரர் மகளைப் பற்றிச் சொன்னீர்கள். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போன பெண். மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து வந்திருந்தார்கள்.

"இன்னிக்கு அந்தப் புள்ள எங்கிட்ட வந்து, 'அண்ணே, உங்க சட்ட நீலம்'ங்குது. செத்துப்போன யாரோ ஒருத்தரு கண்ண வெச்சிருக்காங்களாம்" என்றீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் செத்தா என்னோடதையும் குடுத்துரு" என்றீர்கள்.

"வாயக் கழுவுங்க. சோத்து முன்னால உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு இது."

"வெளையாட்டுக்குச் சொல்லல, ராஜம்மா. நெசமாத்தான்."

அதன்பின் நாம் அதைப் பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அதே இறக்கத்தில் உங்கள் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஆள் நிறைந்த பேருந்து ஒன்று போய்க்கொண்டிருந்ததாம். நீங்கள் வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் மோதினீர்கள். பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான். நானும் உங்கள் அப்பாவும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்களுக்கு நினைவில்லை. தலை முழுக்கக் கட்டு. மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் மூச்சு நின்றது.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நான் டாக்டரைப் பார்த்து, "அவரு கண்ணக் குடுக்கணும்னு சொல்லியிருக்காருங்க. எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "எடுக்கறதுன்னா சீக்கிரம் எடுக்கணும்மா. பெரியவரு ஒத்துக்குவாரா?"

மாமா தலையைத் தூக்கினார். "முழுசாக் குடுங்கப்பா எம் புள்ளைய. ரோடு தின்னது போதாதா?"

நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "மாமா, அவரு எங்கிட்ட பெருசா எதையும் கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணுதான். அதையும் இல்லங்கட்டுமா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. டாக்டர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உங்களை எங்களிடம் கொடுத்தபோது இமைகள் மூடியிருந்தன. தூங்குகிறவர் போலத்தான் இருந்தீர்கள். மாமா குனிந்து உள்ளங்கையை உங்கள் கண்கள்மேல் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

ஊரில் பேசினார்கள். "கட்டுனவனக் குருடனா அனுப்பிட்டாளே" என்று ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள். மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பேத்தியை மட்டும் மடியில் வைத்துக்கொள்வார்.

சில மாதம் கழித்து விபத்துக் கேஸ் விஷயமாக மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். ஒரு கண் நன்றாகப் பொருந்திவிட்டதாம். இன்னொன்று பொருந்தாமல் மங்கிவிட்டதாம். பெயர், ஊர் எதுவும் சொல்ல முடியாது என்றார், வேறு சில விவரங்கள் மட்டும் சொன்னார். வரும் வழியெல்லாம், மங்கிய கண்ணைப் பற்றி மாமாவிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப இன்னொன்னு வீணாப் போச்சா?"

"ஆமாங்க மாமா."

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பொருந்துனது யாருக்காம்?"

"சொல்ல மாட்டாங்களாம். ஒரு பொம்பளையாம். தறி ஓட்டறவங்களாம்."

"புள்ள குட்டி இருக்காமா?"

"ரெண்டு இருக்காம். சின்னது மூஞ்சிய அந்தம்மா இப்பத்தான் மொதல்ல பாத்துச்சாம்."

மாமா, "பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்" என்றார். பிறகு, "தண்ணி கொண்டாம்மா" என்றார். சொம்பை என் கையிலிருந்து வாங்கி முழுவதும் குடித்தார். அன்றைக்குத்தான் நான் உங்களுக்காக வாய்விட்டு அழுதேன்.

இத்தனை வருடத்தில் உங்கள் முகம் எனக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது. சிரிப்பு நினைவிருக்கிறது, மூக்கு எப்படி இருக்கும் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, அப்படித்தான் ஆகிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் "எடுத்துக்குங்க" என்று சொன்ன குரல் இருக்கிறதே, அது அதற்கு முன் என்னிடம் இருந்ததில்லை. அதுவரை நான் வெளி ஆளிடம் நிமிர்ந்து பேசியவள் அல்ல. பின்னால் நிலத்துக்காகத் தாலுகா ஆபீசில் நின்றதும், "பொட்டப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு" என்றவர்களிடம் பேசியதும் அந்தக் குரலில்தான். உங்களுக்காகப் பேசப்போய்க் கிடைத்தது. இன்னும் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.