லைட்டை அணைச்சுட்டுப் படு

மார்ச் 4

மகாராணி அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்று ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜை ரிப்பேருக்குப் பிரித்துப்போட்டு, அதன் பின்னால் மண்டியிட்டுக் கிடந்தேன். டிவியில் நீ தமிழ் வசனம் எழுதும் அந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் ஓடியது. கருமம்! கொம்பு வைத்த ராட்சச ராஜாவுக்கு, பூக்கடைக்காரியைப் பார்த்ததும் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. கண்ணீர் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சுகிறது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நிலா வெளிச்சத்தில் அவளிடம் காதலைச் சொல்ல வருகிறான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, லைட்டை அணைச்சுட்டுப் படு" என்கிறான்!

அந்த வீட்டுப் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அது என் வசனம். நம் படுக்கையறைப் பேச்சைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாயே, அசிங்கமாக இல்லையா?

இப்படிக்கு,
இன்னும் உன் கணவன்தான்

மார்ச் 9

ஃப்ரிட்ஜ் டாக்டருக்கு,

நலமாகவே இருக்கிறேன். மூலத்தில் அவன் சொல்வது "உன்னைக் காதலிக்கிறேன்". எழுதிப் பார்த்தேன், எனக்கே குமட்டியது. நம் வீட்டில் அதை யார் சொன்னார்கள்? ஒவ்வொரு சண்டை முடிவிலும் நீங்கள் சொன்னது இது ஒன்றுதான். வாயசைவுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. தொடர் நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தைச் சுளிக்காமல் பாருங்கள்.

அசிங்கத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். உங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் என் வேலையை, "பொம்மைக்கு வாயசைக்கிற பொழப்பு" என்று சொல்லிச் சிரித்தீர்களே, அன்று உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றும் வீட்டுக்கு வந்து லைட்டைத்தான் அணைக்கச் சொன்னீர்கள்.

ஸ்டூடியோ பக்கத்தில் தனி அறை பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் குடிபோகிறேன். அதற்குள் கடைசிப் பகுதியை எழுத வேண்டும். பூக்காரி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறான். முதுகைத்தான் காட்டுகிறார்கள், வாய் தெரியாது. என்ன வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். என்னிடம்தான் சரக்கு இல்லை. என்னை இதுவரை யார் கூப்பிட்டார்கள்?

இப்படிக்கு,
பொம்மைக்கு வாயசைப்பவள்

மார்ச் 20

வசனகர்த்தாவுக்கு,

இதுவரை வந்ததையெல்லாம் பார்த்துத் தொலைத்தேன். சகிக்கவில்லை. அவள் வாடிய பூக்களை அவன் கொம்பில் செருகிவிட, அந்த எருமை அதோடு போருக்குப் போகிறான். மானங்கெட்டவன். சிரித்துவிட்டேன். அவள் போகிற இடத்தில் கண்ணீரும் வந்தது. சீ, எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனால் பொம்மை பேசுகிற மாதிரி இல்லை, மனுஷங்க பேசுகிற மாதிரி இருக்கிறது. அன்று சிரித்த சொந்தக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டு, "பாருங்க, என் பொண்டாட்டி எழுதினது" என்று சொல்லிவிட்டேன். என் தங்கை, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாண்ணா?" என்று கேட்டாள்.

எனக்கு வசனமெல்லாம் வராது. வேண்டுமானால் அவனை இப்படிச் சொல்லச் சொல்: "லைட்டை அணைக்கல. வா."

இப்படிக்கு,
எருமை

மார்ச் 26

என் எருமைக்கு,

அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடைசிப் பகுதியைச் சேர்ந்து பார்க்கலாம், நீங்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ராட்சசனுக்கு வேறு ஏதோ எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய வரியை ஊருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக்கு,
மகாராணி